ரிஜிஸ்டர் தபால் போனபின் அலுவலகக் கடிதங்களை எப்படி அனுப்புவது?

கேள்வி: பெங்களூர் உல்சூரில் சின்னதாக ஒரு சீட்டு கம்பெனி நடத்துகிறோம். மாதம் நானூறு கடிதம் போகும். பாதி ஊருக்குள், மீதி ஓசூர், கிருஷ்ணகிரி, சென்னை பக்கம். இதுவரை எல்லாமே ரிஜிஸ்டர் தபால்தான். இப்போது அது கிடையாது, ஸ்பீட் போஸ்ட்டில்தான் போட வேண்டும் என்கிறார்கள். செலவு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும்போல் இருக்கிறது. பேசாமல் கூரியருக்கு மாறிவிடலாமா? கோர்ட்டில் செல்லுமா? வருடம் ஒருமுறை உறுப்பினர்களுக்கு ஆண்டு மலர் வேறு அனுப்புகிறோம். அதற்கு என்ன வழி?

பதில்:

நான் பெங்களூரில் கம்பெனிகளுக்குத் தபால் வேலை எடுத்துச் செய்பவன். கவரில் போட்டு, முகவரி ஒட்டி, எடை பார்த்து, கவுன்டரில் சேர்ப்பது வரை எல்லாம் நாங்கள் செய்வோம். வக்கீல் இல்லை. சட்டம் சம்பந்தமாகச் சொல்வதை உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கு சம்பந்தமாகச் சொல்வதைத் தாராளமாக நம்பலாம்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். ஒரே விதமான கடிதத்தை ஒரே விதமாக எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தால் உங்கள் செலவு கூடும். எந்தக் கடிதத்துக்கு அத்தாட்சி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துவிட்டால் முன்பு கட்டியதைவிடக் குறையவே செய்யும்.

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம், வாட்ஸ்அப்பில் இதைப் பற்றி ஏகப்பட்ட கதை சுற்றியது. தபால் பெட்டியையே எடுத்துவிடப் போகிறார்கள் என்றுகூட வந்தது. அப்படி எதுவும் இல்லை. 2025 செப்டம்பர் 1 முதல் உள்நாட்டு ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். ரிஜிஸ்டர் தபால் குறைந்துகொண்டே வந்தது என்பது ஒரு காரணம்: 2011-12ல் 24.44 கோடியாக இருந்தது 2019-20ல் 18.46 கோடியாக இறங்கிவிட்டது. இன்னொன்று, ஏறக்குறைய ஒரே வேலைக்கு இரண்டு பாதை வைத்திருந்தார்கள். தனித்தனிப் பை, தனித்தனிப் பிரிப்பு, தனித்தனிக் கணக்கு. அதை ஒன்றாக்கினார்கள்.

இரண்டுக்கும் இருந்த உண்மையான வித்தியாசம் வேகமல்ல. ரிஜிஸ்டர் தபால் ஆளுக்குப் போகும், ஸ்பீட் போஸ்ட் முகவரிக்குப் போகும். கவரில் பெயர் இருப்பவரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் ரிஜிஸ்டரைக் கொடுக்க வேண்டும். ஸ்பீட் போஸ்ட்டை வீட்டில் இருக்கும் மாமியாரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினாலும் சரிதான். இணைப்புக்குப் பிறகும் இந்த வித்தியாசம் ஒழியவில்லை. ஸ்பீட் போஸ்ட்டின் மேல் 'ரிஜிஸ்ட்ரேஷன்' என்று ஒரு கூடுதல் சேவையாக அதை வைத்திருக்கிறார்கள். கட்டணம் கடிதத்துக்கு 5 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. கவுன்டரில் நீங்கள் கேட்டால்தான் அது சேரும். கேட்காவிட்டால் சாதாரண ஸ்பீட் போஸ்ட்டாகவே போய்விடும். உங்கள் கேள்வியில் பாதிக்கு விடை இந்த 5 ரூபாயில்தான் இருக்கிறது. கோர்ட் விஷயத்தில் மறுபடி அதற்கு வருகிறேன்.

இப்போது பணக் கணக்கு. ஸ்பீட் போஸ்ட்டில் கடிதக் கட்டணம் 2012 அக்டோபருக்குப் பிறகு மாறாமலே இருந்து, 2025 அக்டோபர் 1 முதல் மாறியது. உள்ளூர் என்றால் 50 கிராம் வரை 19 ரூபாய், 51 முதல் 250 கிராம் வரை 24, 251 முதல் 500 கிராம் வரை 28. வெளியூர் என்றால் 50 கிராம் வரை எந்த ஊராக இருந்தாலும் 47 ரூபாய்தான். ஓசூருக்கும் 47, டெல்லிக்கும் 47. 50 கிராமைத் தாண்டினால்தான் தூரம் கணக்கில் வருகிறது. சென்னை போன்ற 201 முதல் 500 கிலோமீட்டர் தூரத்துக்கு 250 கிராம் வரை 63, 500 கிராம் வரை 75. எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

பழைய ரிஜிஸ்டர் தபாலில் பதிவுக் கட்டணம் 17 ரூபாய், அதோடு 20 கிராமுக்கு 5 ரூபாய் வீதம் தபால் செலவு. ஒரு தாள், ஒரு கவர் என்றால் 22 ரூபாய், வரியோடு 25.96.

அதே கடிதம் இன்று உல்சூரிலிருந்து ஊருக்குள்ளேயே ஸ்ரீராமபுரத்துக்குப் போனால் 19, ரிஜிஸ்ட்ரேஷன் 5, வரியோடு 28.32. கூடியது இரண்டே கால் ரூபாய் சொச்சம். கடிதத்தில் நாலைந்து தாள் இருந்தால் கணக்கு தலைகீழ். 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று 5 கிராம். நாலு தாளும் கவரும் சேர்ந்தால் 20 கிராமைத் தாண்டிவிடும், பழைய கணக்கில் 31.86 ஆகியிருக்கும். இப்போதும் அதே 28.32தான், ஏனென்றால் 50 கிராம் வரை ஒரே விலை. அதாவது ஊருக்குள் போகும் கொஞ்சம் கனமான கடிதத்துக்கு விலை இறங்கியிருக்கிறது. இதை யாரும் சொல்வதில்லை.

அடி விழுவது வெளியூர் போகும் ஒற்றைத் தாள் கடிதத்துக்குத்தான். 47, 5, வரி எல்லாம் சேர்த்து 61.36. முன்பு 25.96. நீங்கள் பயந்த 'இரண்டு மடங்குக்கு மேல்' இதுதான். ஆனால் வெளியூர் என்றாலே நஷ்டம் என்றும் நினைக்க வேண்டாம். ஒப்பந்த நகல், ஜாமீன் பத்திரம், கணக்கு விவரம் எல்லாம் சேர்த்து 300 கிராம் கட்டு ஒன்று சென்னைக்குப் போகிறது என்று வையுங்கள். பழைய ரிஜிஸ்டரில் 108.56 ஆகும், இப்போது ரிஜிஸ்ட்ரேஷனோடு 94.40. சென்னைக்கு ஏறக்குறைய 200 கிராமுக்கு மேல் போனால் புதிய கட்டணம் மலிவு, அதற்குக் கீழே பழையது மலிவு. ஊருக்குள் அந்த 300 கிராம் கட்டு 38.94தான்.

உங்கள் நானூறு கடிதமும் ஒற்றைத் தாள், பாதி உள்ளூர், பாதி வெளியூர் என்று வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். முன்பு மாதம் 10,384 ரூபாய். இப்போது எதையும் மாற்றாமல் எல்லாவற்றையும் ரிஜிஸ்ட்ரேஷனோடு போட்டால் 17,936. கம்பெனி ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருந்தால் அதில் உள்ள வரியை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ள முடியுமா என்று உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். அதற்கு கவுன்டரில் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து, அது பில்லில் வந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். பையன் கையில் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு மாதக் கடைசியில் வெறும் ரசீதுக் கத்தையை ஆடிட்டரிடம் நீட்டுகிற வழக்கம் நம் ஊரில் நிறைய. அதில் போகிற பணம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் நான் கேட்கும் கேள்வி வேறு. மாதா மாதம் நானூறு பேருக்கும் ரிஜிஸ்டர் எதற்கு?

சீட்டு கம்பெனி, கூட்டுறவுச் சங்கம், அபார்ட்மென்ட் சங்கம் எங்கே போனாலும் இதைப் பார்க்கிறேன். எப்போதோ ஒருவர் 'எனக்கு நோட்டீஸே வரவில்லை' என்று சண்டை போட்டிருப்பார். அன்றிலிருந்து ரசீது, ஏலத் தேதி அறிவிப்பு, பொங்கல் வாழ்த்து எல்லாமே ரிஜிஸ்டரில் போக ஆரம்பித்திருக்கும். 25 ரூபாயாக இருந்தவரை யாருக்கும் உறுத்தவில்லை. 61 ரூபாய் ஆனபிறகாவது அந்தக் கட்டைப் பிரித்துப் பாருங்கள்.

பிரிக்க உட்காரும்போது ஒரே கேள்வி போதும்: இந்தக் கடிதம் போய்ச் சேரவில்லை என்று அவர் நாளை சொன்னால் எனக்கு என்ன நஷ்டம்? ரசீது என்றால் ஒன்றுமில்லை, மறுபடி அச்சடித்துக் கொடுக்கலாம். ஏலத் தேதி என்றால், எப்படித் தெரிவிக்க வேண்டும் என்று உங்கள் சீட்டு ஒப்பந்தமும் சீட்டு நிதி விதிகளும் என்ன சொல்கின்றனவோ அதைப் பொறுத்தது. அவற்றில் ரிஜிஸ்டர் என்று எழுதியிருக்காவிட்டால் சாதாரணத் தபாலும் எஸ்.எம்.எஸ்ஸும் போதுமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தவணை பாக்கிக்கான இறுதி நோட்டீஸ், உறுப்பினர் பெயரை நீக்கும் கடிதம், ஜாமீன் போட்டவருக்கு அனுப்புவது, காசோலை திரும்பியதற்கான நோட்டீஸ் ஆகியவற்றில் மட்டும் ஒரு பைசாகூட மிச்சம் பிடிக்கக் கூடாது.

அப்படிப் பிரித்து, நானூறில் நூறு மட்டும் ரிஜிஸ்ட்ரேஷனோடு, அதிலும் பாதி உள்ளூர் பாதி வெளியூர், மீதி முந்நூறும் 5 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிய சாதாரணத் தபால் என்று வைத்தால் மாதம் சுமார் ஆறாயிரத்தில் முடியும். முன்பு கட்டிய பத்தாயிரத்துச் சொச்சத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 20 கிராம் வரை சாதாரணக் கடிதம் இன்னும் 5 ரூபாய்தான், அதை யாரும் தொடவில்லை. என்ன, தொலைந்தால் கேட்க முடியாது, எங்கே இருக்கிறது என்று பார்க்கவும் முடியாது. ரசீதுக்கு அது போதும்.

சரி, கோர்ட்டுக்கு வருவோம்.

'ரிஜிஸ்டர் தபாலில் போட்டால் போய்ச் சேர்ந்ததாகவே அர்த்தம்' என்று எல்லோரும் சொல்வதற்கு அடிப்படை, 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டம், பிரிவு 27. தபால் மூலம் சேர்ப்பிக்கலாம் என்று ஒரு சட்டம் சொல்லும் இடத்தில், சரியான முகவரி எழுதி, கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால், மறுத்து நிரூபிக்கும்வரை அது போய்ச் சேர்ந்ததாகக் கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஆள் வாங்க மறுத்தாலும், 'கதவு பூட்டியிருந்தது' என்று திரும்பி வந்தாலும் வழக்கில் அனுப்பியவர் பக்கம் நிற்பது இந்தப் பிரிவுதான். காசோலை வழக்குகளுக்கு இது பொருந்தும் என்று 2007ல் சி.சி. அலாவி ஹாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அந்தப் பிரிவில் இருப்பது 'பதிவுத் தபால்' என்ற சொல். வெறும் ஸ்பீட் போஸ்ட் என்றோ கூரியர் என்றோ அதில் இல்லை. அதனால்தான் அந்த 5 ரூபாயை விடாதீர்கள் என்கிறேன். ரிஜிஸ்ட்ரேஷன் சேர்த்த ஸ்பீட் போஸ்ட் என்றால் 'பதிவு செய்து அனுப்பினேன்' என்று வாதாட ஆதாரம் இருக்கும். 5 ரூபாயை மிச்சம் பிடித்துவிட்டு, லட்ச ரூபாய் பாக்கிக்காரருடைய வக்கீல் 'இது பதிவுத் தபாலே இல்லை' என்று எழுந்து நிற்க வழி விடுவானேன்?

எல்லா இடத்திலும் இவ்வளவு இறுக்கம் இல்லை. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 20 ரிஜிஸ்டர், ஸ்பீட் போஸ்ட், கூரியர், மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஏற்கிறது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் பிரிவு 169ம் ரிஜிஸ்டரோடு ஸ்பீட் போஸ்ட்டையும் கூரியரையும் சேர்த்தே சொல்கிறது. செக் பவுன்ஸ் நோட்டீஸைப் பற்றிய செலாவணி முறிச் சட்டத்தின் 138வது பிரிவில் எழுத்து மூலமாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, எந்தத் தபாலில் என்று இல்லை. ஆனால் அதில் நாள் கணக்கு கறார். காசோலை திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போயாக வேண்டும், அது கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் கட்ட வேண்டும். இருபத்தெட்டாம் நாள் சாயங்காலம் எங்களிடம் ஓடி வருகிறவர்கள் நிறையப் பேர். கவுன்டர் மூடியிருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம், ரசீது. கவுன்டரில் கொடுக்கும்போதே மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, ரிஜிஸ்ட்ரேஷன் சேர்த்திருக்கிறார்களா. உள்ளூர் ஒற்றைக் கடிதத்துக்குத் தொகை 22 ரூபாய் சொச்சம் என்று வந்தால் சேர்க்கவில்லை, 28 ரூபாய் சொச்சம் என்றால் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு, பெறுபவர் பெயரும் பின்கோடும் சரியா. பின்கோட்டில் ஒரு எண் மாறினாலும் 'சரியான முகவரி' என்ற வாதம் ஆட்டம் காணும். மூன்று, கடிதத்துக்குக் கொடுக்கும் தபால் எண். ஸ்பீட் போஸ்ட் எண் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும், நடுவில் ஒன்பது இலக்கம் இருக்கும், முடிவில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்து. பழைய ரிஜிஸ்டர் எண் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கியது. அந்த ஒன்பதில் கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். மற்ற எட்டையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது அது. அதனால் பல்க்காக, அதாவது மொத்தமாக அனுப்பும்போது போன மாத வரிசையைத் தொடர்ந்து நாமே எண் போட்டு பார்கோடு அச்சடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மெஷின் அதை ஏற்காது.

ரசீது தெர்மல் காகிதத்தில் வந்தால் அன்றே நகல் எடுத்துவிடுங்கள், கோடை வெயிலில் பீரோவுக்குள்ளேயே அது வெளுத்துவிடும். டெலிவரி ஆனதும் டிராக்கிங் பக்கத்தையும் சேமித்து அச்செடுத்து வையுங்கள். அந்த விவரம் எப்போதும் இணையத்திலேயே இருக்காது. வழக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் விசாரணைக்கு வரும். அந்த அச்சுப் பிரதியைக் கோர்ட்டில் காட்ட பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63ன் கீழ் ஒரு சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று இருந்ததே, அதுதான். உங்கள் வக்கீலுக்குத் தெரியும்.

ஓ.டி.பி. டெலிவரி என்று இன்னொரு கூடுதல் சேவையும் வந்திருக்கிறது, அதுவும் 5 ரூபாயும் வரியும். பெறுபவர் போனுக்கு வரும் எண்ணைச் சொன்னால்தான் தபால்காரர் கடிதத்தைக் கொடுப்பார். ஏ.டி.எம். கார்டு, அசல் பத்திரம் போன்றவற்றுக்கு அருமையான வசதி. பாக்கி நோட்டீஸுக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பணம் கொடுக்காமல் ஓடி ஒளிகிறவர் ஓ.டி.பி. சொல்லுவாரா?

கூரியரைப் பற்றிக் கேட்டீர்கள். 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தில் கடிதம் கொண்டுபோகும் உரிமை தபால் துறைக்கு மட்டுமே என்று இருந்தது. கூரியர்காரர்கள் அதை 'டாக்குமென்ட்' என்று பெயர் மாற்றி எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். அதற்குப் பதிலாக வந்த அஞ்சல் அலுவலகச் சட்டம் 2023, 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் அந்தத் தனியுரிமை இல்லை. ஆகவே கூரியரில் கடிதம் போடுவதில் ஒரு தப்பும் இல்லை. ஊருக்குள் அவசரக் கட்டுகளுக்கு நானும் போடுகிறேன். ஆனால் பிரிவு 27 கூரியரைச் சொல்லவில்லை என்பதை மறக்க வேண்டாம். இன்னொன்று, உங்கள் உறுப்பினர்கள் கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமங்களில் இருந்தால் பல கூரியர்காரர்கள் வீடு வரை போக மாட்டார்கள். டவுனில் உள்ள ஏஜென்ட் போன் பண்ணி 'வந்து வாங்கிக்கோங்க' என்பார். தபால்காரர் வீட்டு வாசலுக்குப் போவார். நோட்டீஸ் விஷயத்தில் எனக்கு அதுதான் முக்கியம்.

மாதம் நானூறு என்பதால் கவுன்டரில் ஒவ்வொன்றாகப் போடாதீர்கள். பல்க் வாடிக்கையாளராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். புதிதாகச் சேரும் பல்க் வாடிக்கையாளர்களுக்கு ஸ்பீட் போஸ்ட் கட்டணத்தில் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. தொடர்ந்து அனுப்புகிறவர்களுக்கு இப்போது அனுப்பி மாதக் கடைசியில் பில் கட்டும் ஒப்பந்த வசதியும் இருக்கிறது. பெயர், முகவரி, பின்கோடு, போன் எண், எடை எல்லாவற்றையும் ஒரு எக்செல் கோப்பில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

உங்கள் பக்கத்திலேயே, கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில், முப்பரிமாண அச்சு (3டி பிரிண்டிங்) முறையில் கட்டிய நாட்டின் முதல் தபால் நிலையம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் திறந்தது, 1,021 சதுர அடி, கட்டியது எல் அண்ட் டி, தொழில்நுட்ப வழிகாட்டல் நம்ம சென்னை ஐ.ஐ.டி. போய்ப் பார்க்க வேண்டிய கட்டடம்தான். அதற்காக நானூறு கவரைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் வரிசையில் நிற்காதீர்கள். பின்னால் நிற்கிறவர்கள் சாபம் விடுவார்கள். பல்க் எடுக்கும் இடம் எது என்று தலைமைத் தபால் நிலையமான ஜி.பி.ஓ.வில் கேட்டு அங்கே பேசுங்கள்.

அஞ்சல் துறையின் கணினி அமைப்பும் 2025ல் மாறியது. கர்நாடகத்தில்தான் மே, ஜூன் மாதங்களில் முதலில் ஓட்டிப் பார்த்தார்கள், ஆகஸ்ட் 4க்குள் நாடு முழுக்கக் கொண்டுபோய்விட்டார்கள். ஆரம்பத்தில் கவுன்டர்களில் கொஞ்சம் திணறல் இருந்தது. நமக்கு வந்த லாபம், கவுன்டரிலேயே கியூஆர் ஸ்கேன் செய்து யு.பி.ஐ.யில் கட்டலாம், பெறுபவர் போன் எண் கொடுத்தால் எஸ்.எம்.எஸ். போகும். உறுப்பினர்களின் போன் எண்ணைக் கோப்பில் மட்டும் கொடுங்கள். கவர் மேல் பெரிதாக அச்சடித்து ஊருக்கெல்லாம் காட்ட வேண்டாம்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய கவலை முகவரிதான். பெங்களூர் முகவரி ஒரு தனி உலகம். ஒவ்வொரு லேஅவுட்டிலும் ஒரு செகண்ட் கிராஸ் (குறுக்குத் தெரு), ஒவ்வொரு செகண்ட் கிராஸுக்கும் ஒரு தேர்ட் மெயின் (பெரிய தெரு). போன வாரம் ஒரு சங்கத்தின் பட்டியலில் பார்த்தேன்: 'நம்பர் 14, 4வது கிராஸ், பெங்களூர்'. ஏரியாவும் இல்லை, பின்கோடும் இல்லை. கேட்டால் 'அந்த ஏரியா போஸ்ட்மேனுக்குத் தெரியும் சார்' என்கிறார்கள். தெரிந்த போஸ்ட்மேன் ரிட்டயர் ஆகிவிட்டார். 25 ரூபாய் கடிதம் திரும்பி வந்தபோது தாங்கினோம், 61 ரூபாய்க் கடிதம் திரும்பி வந்தால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள். வீட்டு எண், பழைய எண் இருந்தால் அதுவும், கிராஸ், மெயின், லேஅவுட், பக்கத்தில் ஒரு அடையாளம், கடைசியில் பின்கோடு. உல்சூர் 560008, இந்திரா நகர் 560038, பிரேசர் டவுன் 560005. பக்கத்துப் பக்கத்து இடம்தான், பின்கோடு வேறு. ஓசூர்க்காரர்களுக்குத் தமிழ்நாட்டு எண், 6ல் தொடங்கும். 'பெங்களூர் பக்கம்தானே' என்று 56 போட்டால் கடிதம் ஊரைச் சுற்றும். தமிழில் மட்டும் எழுதிய முகவரியும் இங்கே வேண்டாம். ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருக்கட்டும்.

2025 மே மாதம் டிஜிபின் என்று ஒன்று வந்திருக்கிறது. நாட்டையே சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறியீடு. ஐதராபாத் ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவின் தொலையுணர்வு மையமும் சேர்ந்து செய்து கொடுத்தது. பின்கோடுக்கு மாற்று அல்ல, அதற்கு மேல் ஒரு துல்லியம். உறுப்பினர் விண்ணப்பப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் விட்டு வையுங்கள். இப்போதைக்கு அதை நம்பி முகவரியைச் சுருக்க வேண்டாம்.

ஆண்டு மலர் விஷயம் சுருக்கமாக. பதிவு செய்த புத்தகத் தபால் 2024 டிசம்பரிலேயே போய்விட்டது. அதற்கு ஈடாக 2025 மே 1ல் ஞான் போஸ்ட் வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி, டிராக்கிங்கும் உண்டு. கேட்க ஆசையாக இருக்கும், ஆனால் அது கல்வி, சமூகம், பண்பாடு, சமயம் சார்ந்த புத்தகங்களுக்கு மட்டும். வியாபார வெளியீடும் விளம்பரமும் அதில் போகாது, உங்கள் மலரில் அட்டைக்கு அட்டை நகைக்கடை விளம்பரம்தான். ஸ்பீட் போஸ்ட்டில் ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாமல் 400 கிராம் மலர் ஊருக்குள் 33.04 ரூபாய், சென்னைக்கு 88.50. ஊருக்குள் அனுப்புங்கள், அல்லது ஏலத்துக்கு வரும்போது கையில் கொடுங்கள். வெளியூர்க்காரர்களில் கேட்பவர்களுக்கு மட்டும் அச்சுப் பிரதி, மற்றவர்களுக்கு பி.டி.எஃப்.

அடுத்த முறை சீட்டு ஒப்பந்தப் படிவம் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் வக்கீலிடம் காட்டி, 'பதிவுத் தபால்' என்று இருக்கும் இடங்களில் 'பதிவுத் தபால் அல்லது ரிஜிஸ்ட்ரேஷனுடன் கூடிய ஸ்பீட் போஸ்ட்' என்று மாற்றச் சொல்லுங்கள். கூடவே, உறுப்பினர் கொடுத்த மின்னஞ்சலுக்கும் போன் எண்ணுக்கும் அனுப்பும் சாதாரண அறிவிப்புகள் செல்லும் என்று ஒரு வரியும், முகவரி மாறினால் எழுத்து மூலம் தெரிவிப்பது உறுப்பினர் பொறுப்பு என்று ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள். பழைய ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு அவரவர் சீட்டு முடியும்வரை பழைய வாசகம்தான் பொருந்தும். அவர்களுக்குப் போகும் கெடு நோட்டீஸை ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாமல் போடாதீர்கள்.